சீதனக் காணி என் பெயரில், கையொப்பம் அவருடையது

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போது காணி எத்தனை பரப்பு, வீடு யாருடைய பெயரில் எழுதப்படும், நகை எத்தனை பவுண், கைக்காசு எவ்வளவு என்பவையெல்லாம் நாட்கணக்கில் பேசப்படுகின்றன. எழுதிக் கொடுக்கப்படும் அந்தக் காணியைப் பின்னாளில் அவள் விற்க நேர்ந்தால் யாருடைய கையொப்பம் தேவைப்படும் என்பதை மட்டும் இரு வீட்டாரும் பேசுவதில்லை. எனக்கும் எவரும் சொல்லவில்லை. கணவர் வெளிநாட்டில் இருக்க, தொடர்பும் அநேகமாக அறுந்துவிட்ட நிலையில், என் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்பதற்கு நான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தனியாக அலைய வேண்டியிருந்தது. அதில் போன காலத்தையும் காசையும், இடையில் அறிந்துகொண்டவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்லள், பாடசாலை ஆசிரியை. ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், உங்கள் சட்டத்தரணியிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 2002-இல் திருமணம் நடந்தது. சமாதானப் பேச்சுக் காலம் என்பதால் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 வீதி திறந்திருந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உறவுகள் வந்து போயின. அப்பா, தாம் இருந்த வீட்டையும் வளவையும், அத்துடன் நான்கு பரப்புச் செம்பாட்டுத் தோட்டக்காணியையும் எனக்குச் சீதனமாக எழுதினார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 16 பரப்பு ஓர் ஏக்கர். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்கே போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சீதன உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, அதை எழுதிய நொத்தாரிசு எங்கள் விறாந்தையில் இருந்து வாசித்தது நினைவிருக்கிறது. ‘பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்’ என்று வந்த இடத்தில் அப்பா அவரை நிறுத்தி, கிணற்றில் எங்களுக்கு எத்தனையில் ஒரு பங்கு, இறைப்பு முறை எந்த நாள் என்பவற்றைச் சரிபார்த்த பின்னரே மேலே வாசிக்க விட்டார். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மனிதருக்கும், அந்தக் காணி இனி மகளுடைய கையொப்பத்தால் மட்டும் கைமாறாது என்பது தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்திருந்தும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். மகள் சீதனக் காணியை விற்கும் நிலை வரும் என்று எந்தத் தகப்பன் கலியாண வீட்டில் நினைப்பார்?

கணவர் 2011-இல் ஐரோப்பாவுக்குப் போனார். முதல் சில ஆண்டுகள் மாதந்தவறாமல் பணம் வந்தது, பிறகு இடைவெளிகள் வந்தன, பிறகு நின்றுவிட்டது. அவருக்கு அங்கே வேறொரு வாழ்க்கை இருப்பதாக ஊரில் பேச்சு வந்தது. நான் விசாரிக்கவில்லை. விவாகரத்தும் கேட்கவில்லை. மகளுடைய பிறந்தநாளுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். இப்படி வாழும் பெண்கள் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள் என்பதால், இதை ஒரு தனிப்பட்ட துயரமாகக்கூட எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

2021-இன் கடைசியில் மகளுக்குக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஆசிரியைச் சம்பளத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாது. தோட்டக்காணி குத்தகைக்காரர் கையில் சும்மா இருந்தது. வெங்காயமும் மரவள்ளியும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏதோ தருவார். அதை விற்பதென்று முடிவெடுத்தேன். ஊரவர் ஒருவர், வெளிநாட்டிலுள்ள தம்பியின் காசில் வாங்க முன்வந்தார். பரப்பு 10 இலட்சமாக, மொத்தம் 40 இலட்சம் என்று பேச்சு முடிந்தது. ஐந்து இலட்சம் அச்சாரம் தந்தார். அது அப்படியே முதல் தவணைக் கட்டணமாகப் போனது. பிறகே சீதன உறுதியையும் காணிப் பதிவேடான தோம்பின் பிரதியையும் எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனோம்.

அவர் வயதானவர், நிதானமானவர். உறுதியை ஒருமுறை புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, “பிள்ளை, உன்ரை மனிசன் எங்கை? அவரின்ரை ஒப்பம் இல்லாமல் நான் இதை முடிக்க ஏலாது” என்றார். “காணி என்ரை பேரிலதானே ஐயா?” என்று கேட்டேன். “உன்ரை பேரிலதான். அதுதான் கரைச்சல்” என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனிச்சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்தெழுத, பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806-இல் அதை ஏற்றுக்கொண்டார்கள். மணவாழ்வுச் சொத்தைப் பொறுத்தவரை இப்போது நடைமுறையில் இருப்பது 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். அதன் 6-ஆம் பிரிவின்படி, மணமான பெண்ணுக்குச் சீதனமாகவோ முதுசமாகவோ (மரபுரிமையாகவோ) வந்த சொத்து அவளுக்கே உரியது. கணவனுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அது வீடோ காணியோ என்றால், கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அவள் தன் உயிர்க்காலத்தில் அதைக் கைமாற்ற முடியாது. கணவனுக்குத் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. நான் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட விஷயம் இது.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. என் தங்கைக்கும் அதே தோட்டத்தில் பக்கத்துத் துண்டைத்தான் அப்பா எழுதினார். அவள் திருகோணமலைக்காரரைக் கலியாணம் செய்து, சில ஆண்டுகளுக்கு முன் தன் துண்டைத் தன் ஒரு கையொப்பத்தில் விற்றாள். தேசவழமைக்கு உட்பட்ட பெண், அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அவளைத் தேசவழமை கட்டுப்படுத்தாது. கிழக்கு மாகாணத் தமிழர் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்பதால் தங்கை தப்பினாள். எதிர்ப்பக்கமும் உண்டு: மட்டக்களப்பிலோ மலையகத்திலோ பிறந்த பெண், யாழ்ப்பாணத்து ஆணை மணந்தால், அவளும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவாள். எங்கள் பாடசாலையில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், மன்னார்க்காரரை மணந்து வந்தவர், இதைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனார். மட்டக்களப்பிலும் தாய் வீடு மகளுக்கே போகிறது, கணவன் அங்கேயும் மனைவி வீட்டுக்குத்தான் வருகிறான். அந்த அளவில் இரண்டு ஊர் வழக்கமும் ஒன்றே. ஆனால் அவருடைய அக்கா அங்கே தன் வீட்டை ஈடு வைக்கக் கணவனைக் கேட்க வேண்டியதில்லை. 1923-இல் வந்த மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், மணமாகாத பெண்ணைப் போலவே தன் சொத்தை ஆளும் உரிமையை இலங்கையில் பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்குத் தந்தபோது, தேசவழமைக்கு உட்பட்டவர்களை அது வெளியே நிறுத்திவிட்டது. 1990-இல் படகேறித் திருச்சிக்குப் போன என் மாமி, அங்கே 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின் பெண்ணின் சொத்து முழுக்க அவளுடையதே என்று தொலைபேசியில் சொல்லி, “இன்னும் அப்பிடியே இருக்கு?” என்று வியந்தார். அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன.

இந்த இடத்தில் முதலாவது நடைமுறைக் குறிப்பு. காணி விற்கும் எண்ணம் வந்தவுடன், வாங்குபவரைத் தேடுவதற்கு முன்னரே, உறுதியையும் விவாகச் சான்றிதழையும் ஒரு நொத்தாரிசிடம் காட்டி, இதை முடிக்க யார் யார் ஒப்பமிட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். காணி பிரிபடாத பங்காக இருந்தால் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டிய 1947-ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டமும் குறுக்கே வரும். எனது துண்டு அளந்து பிரிக்கப்பட்டது என்பதால் அந்தச் சிக்கலாவது பெரிதாக வரவில்லை. அச்சாரம் வாங்கும்போது, சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ கிடைத்த பின்னரே உறுதி முடிக்கப்படும் என்றும், அதற்கு எவ்வளவு காலம் காத்திருப்பார் என்றும், கிடைக்காவிட்டால் காசு எப்போது திரும்பும் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் பற்றுச்சீட்டில் தொகையும் திகதியும் மட்டுமே இருந்தன.

அன்றிரவே கணவருக்குச் செய்தி அனுப்பினேன். மகளின் படிப்புக்கு என்றதும் முதலில் சரி என்றார். கொழும்பில் எந்த முத்திரை வேண்டும், அங்கே தூதரகத்தில் எப்போது போய் ஒப்பமிடுவது என்றெல்லாம் இரண்டு மூன்று நாள் பேசினோம். பிறகு ஒரு குரற்பதிவு வந்தது. “விக்கிறதெண்டால் வில். அரைவாசியை அக்காவின்ரை கணக்கில போட்டுவிடு, ஒப்பம் வைக்கிறன்.” பெற்றோர் எனக்குத் தந்த காணி, அவருக்குச் சட்டப்படி ஒரு குழி நிலம்கூட அதில் இல்லை. ஆனால் ஒப்பம் அவரிடம் இருந்தது. அதற்கு 20 இலட்சம் விலை சொன்னார். எனக்கு அன்று வந்தது கோபமா அவமானமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையில் தொலைபேசியுடன் குசினித் திண்ணையில் நெடுநேரம் இருந்தேன். மகள் கேட்டுவிடக் கூடாது என்பதே என் ஒரே கவலையாக இருந்தது.

பிறகு உறவுகள் உள்ளே வந்தன. மச்சாள், அதாவது அவருடைய அக்கா, சமாதானம் பேச வந்து, “அவனும் குடும்பத்துக்குச் செய்தவன்தானே” என்று பத்து இலட்சத்தில் முடிக்கச் சொன்னார். என் அண்ணா கனடாவிலிருந்து ஒருநாள் முழுக்கக் கத்திவிட்டு, மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. கலியாணப் பேச்சில் முன்னுக்கு நின்ற அம்மான், “குடும்பச் சண்டையைக் கோட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்குப் பெட்டைக்குக் கலியாணம் பேச ஏலுமோ?” என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் மகளை நினைத்தே சொன்னார். என்றாலும், சீதனம் பேசும்போது நூறு பேர் கூடியிருந்த சபையில் ஒருவர்கூட அந்தச் சீதனத்தைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை என்பதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. உறவினர் சமரசம் பேசுகிறார்கள் என்றால் பேசட்டும். ஆனால் அதற்கு ஒரு கெடு வையுங்கள். நான் மூன்று மாதங்களுக்கு மேல் அந்தப் பேச்சில் இழந்தேன், அந்த மூன்று மாதங்கள் எப்படிப்பட்டவை என்பது பிறகுதான் தெரிந்தது.

2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தது. வாங்க இருந்தவரின் தம்பி அனுப்பும் காசு இங்கே பெருகித் தெரிந்ததால், அவர் இன்னும் பெரிய காணி ஒன்றைப் பார்க்கத் தொடங்கி, அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. என்னிடம் காசில்லை. தாலிக்கொடியையும் இரண்டு சோடிக் காப்பையும் வங்கியில் அடகு வைத்தேன். அசையும் சொத்துக்குக் கணவனின் சம்மதம் வேண்டாம் என்று அதே 6-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் கட்டிய கொடியை அடகு வைக்க என்னை எவரும் எதுவும் கேட்கவில்லை, என் அப்பா தந்த நிலத்தை விற்கத்தான் அவருடைய ஒப்பம் வேண்டியிருந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அடகைப் புதுப்பிக்கப் போனபோது வட்டியைக் கேட்டு எனக்கு நா வறண்டுவிட்டது. அப்படியான காலத்தில் நகையை வைத்து நீண்ட செலவை ஓட்டுவது அறிவான காரியம் அன்று. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

சட்டத்தரணி ஒருவரை அதன் பிறகே பார்த்தேன். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று விவாகரத்து, விவாகரத்தான பெண்ணுக்கும் விதவைக்கும் இந்தச் சம்மதம் தேவையில்லை. ஆனால் இலங்கையில் விவாகரத்துக்கு, திருமணத்தின் பின்னான பிறர் உறவு, வன்மமாகக் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்ற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இரண்டாவது வழி, அந்தக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது: கணவன் மனைவியைக் கைவிட்டிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தால், அவன் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனையில் இருந்தால், சித்தசுவாதீனம் அற்றவனாக இருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அல்லது மனைவி பிள்ளைகளின் நலன் வேண்டினால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற உத்தரவு பெறலாம். விவாகரத்து வழக்கில் மகளுடைய பெயரும் இழுபடும் என்பதால் நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இப்படி ஒரு வழி இருப்பதை உறவினரில் எவரும் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அரைவாசி கேட்டவருக்கும் அந்தத் துணிவு வந்திருக்காது.

மனுவுக்கு வேண்டியவற்றைத் திரட்டியதில் கற்றுக்கொண்டவை சில. விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சீதன உறுதி, தோம்பு, கிராம அலுவலரின் கடிதம், மகளின் அனுமதிக் கடிதமும் கட்டண விபரமும் சுலபமாகக் கிடைத்தன. கடினமாக இருந்தவை இரண்டு. முதலாவது, அவர் என்னைக் கைவிட்டதற்கான சான்று. பணம் எப்போது நின்றது என்பதைக் காட்ட வங்கியில் பழைய கணக்கு அறிக்கைகளைக் கேட்டு, கட்டணம் கட்டிக் காத்திருந்து வாங்கினேன். வட்ஸ்அப் செய்திகளைத் திகதி தெரியும்படி அச்சடித்துச் சத்தியக்கடதாசியுடன் சேர்த்தோம். அரைவாசி கேட்ட அந்தக் குரற்பதிவு பழைய தொலைபேசியில் இருந்தது. அது பழுதானபோது என் அதிர்ஷ்டத்துக்கு மகள் ஏற்கெனவே வேறொரு இடத்தில் சேமித்திருந்தாள். அவள் அதைக் கேட்டுவிட்டாள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்படியான பேச்சு நடந்தால், முடிந்தவரை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வந்தவற்றை அன்றே பிரதி எடுத்து வையுங்கள். இரண்டாவது, அவருடைய முகவரி. நான் கொடுத்த முகவரியில் அவர் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் எதிர்மனுதாரருக்கு அறிவித்தல் சேர்ப்பிப்பது அமைச்சுகள் வழியாக நகரும் காரியம். அது திரும்பி வந்து, புதிய முகவரியை அவருடைய ஒன்றுவிட்ட தம்பி மூலம் அறிந்து, மறுபடி அனுப்பியதில் மாதங்கள் போயின. கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள், உறவு சீராக இருக்கும் நாளிலும், அவருடைய தற்போதைய முகவரியையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் கையில் வைத்திருப்பது நல்லது. பார்சல் அனுப்பவாவது முகவரி கேட்கலாம்.

அந்த ஆண்டு எரிபொருள் இல்லை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வரும்வரை நகரத்துக்குப் போவதே ஒரு பிரயத்தனம். தவணைக்கு மிதிவண்டியில் போய், வியர்த்த சேலையுடன் மண்டபத்தில் நின்ற நாட்கள் உண்டு. அங்கே வன்னியிலிருந்து வந்த பெண்களோடு பேசிப் பழகினேன். சிலருடைய கணவர்கள் 2009-இல் காணாமற்போனவர்கள். அவர்களுக்கும் இதே 6-ஆம் பிரிவு. கணவன் இறந்துவிட்டான் என்று மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை வழங்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கும்படி நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அவர்களில் ஒருவர் வீட்டுத்திட்டத்துக்குக் காணியை மகளுக்கு எழுதிக் கொடுக்க வந்திருந்தார். விற்பதற்குக்கூட அல்ல, பெற்ற மகளுக்கு நன்கொடையாக எழுதுவதற்கு.

கணவர் நீதிமன்றத்தில் தோன்றவுமில்லை, சட்டத்தரணி வைக்கவுமில்லை. 2023-இன் கடைசியில் உத்தரவு கிடைத்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வேறொருவருக்கு 44 இலட்சத்துக்கு விற்றேன். நான்கு இலட்சம் கூடுதலாகத் தெரிகிறது அல்லவா? முதல் பேச்சின்போது டொலர் 200 ரூபாய். விற்றபோது 300-ஐ ஒட்டி இருந்தது. மகளின் படிப்புக் கட்டணத்தை நிறுவனம் இடையில் உயர்த்தியிருந்தது. சட்டச் செலவு, மொழிபெயர்ப்பு, பிரதிகள், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து மூன்று இலட்சத்துக்கு மேல். அடகு வட்டி அதற்குக் கிட்டவாக வந்தது. காப்பு ஒரு சோடியை மீட்க முடியாமல் ஏலத்துக்கு விட்டேன். மகள் ஓர் அரையாண்டு படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். அரைவாசி கேட்டவருக்குக் கொடுத்திருந்தால் 20 இலட்சம் போயிருக்கும் என்று ஆறுதல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மச்சாள் கேட்ட பத்தைக் கொடுத்திருந்தால் நிம்மதி மிஞ்சியிருக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கு எப்படியானாலும், என்னுடையதை விற்பதற்கு ஒருவருக்குக் கப்பம் கட்டியிருந்தால் நான் வகுப்பறையில் நிமிர்ந்து நின்றிருக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு பெரியம்மாவின் பேத்திக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை யாழ்ப்பாணம், வேலை மத்திய கிழக்கில். சீதன உறுதி எழுதும் நாளில் எவரும் அழைக்காமலே நான் போய் உட்கார்ந்து, பெண்ணின் காணியைப் பெண் கைமாற்ற வேண்டி வந்தால் சம்மதம் அளிக்கும் அதிகாரத்தை, இங்கேயுள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவமாக, அதாவது தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரமாக, மாப்பிள்ளை எழுதிக் கொடுப்பாரா என்று சபையில் கேட்டேன். ஒரு நிமிடம் எவரும் பேசவில்லை. சம்பந்தி அம்மா, “தாலி ஏற முன்னமே பிரியிற கதையோ?” என்றார். மாப்பிள்ளைதான் “எழுதுங்கோ, எனக்குப் பிரச்சினை இல்லை, அவசரத்துக்கு நான் பறந்து வர ஏலாதுதானே” என்றார். திருமணம் பதிவான பின்னர், அவர் விமானம் ஏறுவதற்கு முன், நொத்தாரிசு முன்னிலையில் அது எழுதப்பட்டுப் பதிவும் செய்யப்பட்டது. எழுதும்போது கவனிக்க வேண்டியதாக எங்கள் நொத்தாரிசு சொன்னவை: ‘சகல காரியங்களையும் பார்ப்பதற்கு’ என்ற பொது வாசகம் போதாது, மனைவியின் தனிச்சொத்தைக் கைமாற்றச் சம்மதம் அளிக்கும் அதிகாரம் என்று தெளிவாக இருக்க வேண்டும், காணியின் அட்டவணை உறுதியில் உள்ளபடியே இணைக்கப்பட வேண்டும். கொடுத்தவர் அதைப் பிறகு இரத்துச் செய்ய முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். இது முழுப் பாதுகாப்பு அன்று. ஆனால் விமான நிலையத்துக்கும் தூதரகத்துக்கும் இடையில் மாட்டுப்படுவதைவிட மேல். வெளிநாட்டுப் பணத்தில் மணவாழ்வுக் காலத்தில் வாங்கும் காணி வேறு கதை: அது தேடியதேட்டம், அதாவது மணவாழ்வில் தேடிய சொத்து, அதற்கான விதிகள் வேறு. சீதனத்தையும் தேடியதேட்டத்தையும் ஒரே உறுதியில் கலந்து எழுதவிடாதீர்கள்.

எனக்கு மிஞ்சியிருப்பது வீடும் வளவும். அதை மகளுக்கு இப்போதே நன்கொடையாக எழுத மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. ஆனால் அதே 1911-ஆம் ஆண்டுச் சட்டம், மரணசாதனம் எழுதிச் சொத்தைக் கொடுக்க மனைவிக்குக் கணவனின் சம்மதம் வேண்டாம் என்கிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். நான் நொத்தாரிசிடமே போய் எழுதிவிட்டேன். சாட்சிகளில் ஒருவர் அம்மான்.